தோர்திஸின் ஆட்கள்

படகு கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றியபோது மென்னோ ரீன்ட்ஸ் தலையை உயர்த்தி அந்தப் பெயரைப் படித்தான். தோர்திஸ். அதன் கீழே சிறிய எழுத்தில், டோன்ஸ்பெர்க். விலாவில் நார்வேக் கொடி வரைந்திருந்தது. மூடுபனியில் வெள்ளை எழுத்துகள் மட்டும் தனியாக மிதப்பதுபோல் தெரிந்தன.

"அழகா எழுதியிருக்கானே," என்றான்.

"திருட்டுப் பெயர்தான். அதுக்காகக் கோணலா எழுதணுமா?" என்றான் துடுப்புப் போட்டவன்.

கப்பல் ஜெர்மன் கப்பல். இரண்டாம் உலகப்போரின் இரண்டாம் ஆண்டில், இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில், சரக்குக் கப்பல்போல வேஷம் போட்டுத் திரிந்தது. தனியாக வரும் கப்பலுக்கு அருகில் போகும். பலகைகளைத் தள்ளிப் பீரங்கிகளைக் காட்டும். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மூழ்கடிக்கும். பிறகு வேறு பெயர், வேறு கொடி. அதற்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாரும் சொல்வதில்லை.

மென்னோ அதுவரை எண்ணெய் கொண்டுவரும் துணைக்கப்பலில் சமைத்துக்கொண்டிருந்தான். இங்கே சமையல்காரன் வேண்டும், உடனே வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். துணிமூட்டையும் ஒரு தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தான். டப்பாவில் தேயிலையும் கல்கண்டும் இருந்தன. எம்டன் ஊர்க்காரன் அவை இல்லாமல் கடலுக்குப் போகமாட்டான்.

கயிற்றேணியில் கை வைத்ததும் வழுக்கியது.

பாதி ஏறும்போது நாற்றம் வந்தது. மீன்குடலை வெயிலில் போட்டு, அதன் மேல் பழைய விளக்கெண்ணெயை ஊற்றி, மூடிவைத்துத் திறந்ததுபோல. மென்னோ பல கப்பல்களின் அடித்தளத்தில் வேலை பார்த்தவன். நாற்றத்துக்கு முகம் சுளிப்பவனல்ல. இருந்தும் ஏணியிலேயே நின்று எச்சிலைத் துப்பினான்.

மேலே கை கொடுத்துத் தூக்கியவன் மெலிந்திருந்தான். கன்ன எலும்புகள் துருத்தியிருந்தன. நகங்களில் வெள்ளைப் பெயின்ட் படிந்து நிரந்தரமாகியிருந்தது.

"ஓல்ட்மன்ஸ்," என்றான். "பெயர் எழுதுறவன். நீ லீர் பக்கமா, எம்டன் பக்கமா?"

"எம்டன்."

"அப்ப தேயிலை வச்சிருப்ப. கடவுள் இருக்காரு."

"இது என்னய்யா நாத்தம்? யாராவது செத்துக் கிடக்கானா?"

ஓல்ட்மன்ஸ் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள்ல மூக்கு பழகிடும். நாக்குதான் பழகாது. வா, உன் அரண்மனையைக் காட்டுறேன்."

சமையலறை இரும்புப் பெட்டிபோல இருந்தது. உள்பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு சன்னல். வெளிப்பக்கம், தளத்தைப் பார்த்து, நடுவில் இரண்டாகப் பிளந்து திறக்கும் கதவு. அந்த வெளிக்கதவின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகள் வைத்து அடித்திருந்தது. ஆணிகள் அவசரத்தில் வளைந்து போயிருந்தன. இடைவெளிகளில் கந்தல்துணி திணித்திருந்தது.

"ஷூல்ட்டெ பண்ணுன வேலை," என்றான் ஓல்ட்மன்ஸ். "உனக்கு முன்னாடி இருந்த சமையல்காரன். இப்ப முன் அறையில பூட்டிவச்சிருக்காங்க. காய்ஞ்ச ரொட்டி தவிர எதையும் தொடமாட்டேங்கிறான்."

"எதுக்குப் பூட்டினாங்க?"

"சாப்பாட்டுல எண்ணெயைக் கலந்தான்னு."

"கலந்தானா?"

ஓல்ட்மன்ஸ் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போனான்.

முதல் அதிகாரி ப்ராண்டிஸ் சாயங்காலம் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கழுத்து மட்டும் சட்டைக்குள் மிதந்தது.

"ரீன்ட்ஸ், விஷயம் எளிமையானது. என் ஆட்கள் சாப்பிடுறதில்லை. சாப்பிடாதவன் பீரங்கிக் குண்டு தூக்கமாட்டான். ஊர் போய்ச் சேரமாட்டான். அவங்களைச் சாப்பிட வை. முடியலைன்னா, நீயும் வேணும்னே செய்யறேன்னு அர்த்தம். ஷூல்ட்டெ பக்கத்துல இடம் இருக்கு."

"புரிஞ்சதுங்க ஐயா."

"போர்க்கால நீதிமன்றத்துல உணவைக் கெடுத்தவனுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"நல்லது. அந்தக் கதவைத் திற. மேல்தளத்துல வேஷக்காரங்க மட்டும்தான் நடமாடுவாங்க. நார்வே ஸ்வெட்டர், தொப்பி. தண்ணி மேல குரல் தூரம் போகும். அதனால அவங்க பேசமாட்டாங்க, நீயும் பேசக்கூடாது. வந்து நின்னா சாப்பாடு போடு. முதல்ல அவங்களுக்கு, அப்புறம்தான் மத்தவங்களுக்கு. இந்தக் கப்பல் வழக்கம் அது."

மென்னோ ஆணிகளைப் பிடுங்கினான். கந்தல்துணியை உருவியபோது விரல்களில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தான். உடனே கையைச் சலவைச்சோடாத் தண்ணீரில் முக்கினான்.

இரவு முழுக்கத் தேய்த்தான். சட்டிகள், சுவர், கூரை, அடுப்பின் அடி. கை தோல் உரிந்தது. விடிந்தபோது சமையலறை பளபளத்தது. பட்டாணியை ஊறவைத்து, உப்புப் பன்றி இறைச்சியும் வெங்காயமும் போட்டு, அடர்த்தியாகச் சூப் வைத்தான். கொதிக்கும்போது மணம் எழுந்தது. அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை மணம். கரண்டியால் எடுத்து ருசித்தான். நன்றாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது.

அப்போது வெளிக்கதவில் தட்டினார்கள்.

மேல்பாதியைத் திறந்தான். பனி உள்ளே வந்தது. ஸ்வெட்டர் போட்ட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டிருந்தார்கள். ஸ்வெட்டர்கள் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. தளத்தில் அலை அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முதல் ஆள் கிண்ணத்தை நீட்டினான். கை வெளுத்து, ஊறி, சலவைக்காரியின் கைபோலச் சுருங்கியிருந்தது.

பேசக்கூடாது என்பது நினைவிருந்தது. தலையை மட்டும் அசைத்து ஊற்றினான்.

எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். நின்றபடியே குடித்தார்கள். கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. கிண்ணங்களைத் திருப்பி வைத்தபோது ஒரு சொட்டு மிச்சமில்லை. நக்கியிருந்தார்கள்.

பிறகு உள்சன்னலைத் திறந்து மற்றவர்களுக்கு ஊற்றினான். பானையின் மேல் மஞ்சளாக ஒரு ஆடை படர்ந்திருந்தது. பன்றிக் கொழுப்பு என்று நினைத்து விலக்கினான். கரண்டி போன இடத்தில் அது மெதுவாகக் கூடிக்கொண்டது.

முதல் கிண்ணம் சுவரில் வந்து மோதியது.

"சமையல்காரரே, திமிங்கலத்தைக் குளிப்பாட்டின தண்ணியா இது?"

"புது ஆள், பழைய சூப்பு!"

"என் மாட்டுக்கு வச்சா அது என்னை முட்டும்டா."

ஒருவன் சன்னலுக்கு நேராக வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் நூலாக வந்தது. மென்னோ பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். நாக்கின் மேல் அது மெழுகுபோல உறைந்தது. பல்லிடுக்கில் புகுந்தது. உப்பும் ஊசலும் அழுகலும். துப்பினான். போகவில்லை. துணியால் நாக்கைத் துடைத்தான். போகவில்லை.

அடுத்த நாள் முட்டைக்கோஸ். அதற்கடுத்த நாள் வெறும் உருளைக்கிழங்கு, உப்பு மட்டும். கொதிக்கும்வரை மணம். வெளிக்கதவு மூடியபின் நாற்றம். ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே ஈரமான மஞ்சள் வட்டம் இருந்தது. படுக்கை விரிப்பில் தலை வைக்கும் இடம் பிசுபிசுத்தது. கூடத்தில் ஆட்கள் கேலிசெய்வதையும் நிறுத்திவிட்டார்கள். தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். ஒருவன் பீரங்கி மேடையில் மயங்கி விழுந்தான்.

தேநீர் மட்டும் சுத்தமாக இருந்தது. மென்னோ அதை யாருக்கும் காட்டாமல், கோப்பையைச் சட்டைக்குள் மறைத்துவைத்துக் குடித்தான். முதலில் கல்கண்டு, அதன் மேல் தேநீர். கல்கண்டு வெடிக்கும் மெல்லிய சத்தம். டப்பாப்பாலை ஓரமாக விட்டால் அடியிலிருந்து மேகம்போல எழும்பும். கலக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவனை நிற்க வைத்தது.

ஒரு மத்தியானம் ஓல்ட்மன்ஸுக்கும் ஒரு கோப்பை கொடுத்தான். ஓல்ட்மன்ஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என் சமையல் மேல தப்பில்லை," என்றான் மென்னோ. "உங்க ஆளுங்க நாக்குலதான் கோளாறு. வேஷக்காரங்க வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. கிண்ணத்தை நக்கிட்டுத் தர்றாங்க."

"எந்த வேஷக்காரங்க?"

"ஸ்வெட்டர் ஆளுங்க. வெளிக்கதவுல."

ஓல்ட்மன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மென்னோ, இந்தப் பனியில யாருக்கு வேஷம் போடறது? கண்ணுக்கு எட்டுற தூரத்துல காக்கா கூட இல்ல. ப்ராண்டிஸ் வழக்கத்தைச் சொல்லியிருப்பாரு, ஆனா நீ வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் கீழ அனுப்பிட்டாங்க. ஸ்வெட்டர் எல்லாம் என் பெயின்ட் அறையில மடிச்சு வச்சிருக்கு."

மென்னோ வெளிக்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"காய்ஞ்சு கிடக்கு," என்றான் ஓல்ட்மன்ஸ் மெதுவாக.

அடுப்பில் பானை தளதளவென்று கொதித்தது.

"எத்தனை நாளா போடற?"

"வந்ததிலிருந்து."

ஓல்ட்மன்ஸ் வெளிக்கதவைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

தோர்திஸ் உண்மையான கப்பல். திமிங்கல எண்ணெய் ஏற்றி வந்தது. நிற்கச் சொன்னபோது நிற்கவில்லை. கம்பியில்லாத் தந்தி அறையை நோக்கி முதல் குண்டு போனது. அடுத்தவை தொட்டிகளைக் கிழித்தன.

"எண்ணெய் முழுக்கக் கடல்ல கொட்டிச்சு. இந்தக் குளிர்ல அது எண்ணெயாவா இருக்கும்? பன்னிக்கொழுப்பு மாதிரி உறைஞ்சுபோச்சு. ஆளுங்க அதுல மாட்டிக்கிட்டாங்க. நீந்தவும் முடியல, முங்கவும் முடியல. முகம் மஞ்சளா, கண்ணு மட்டும் தெரிஞ்சுது. நாங்க பக்கத்துல போனோம். ஷூல்ட்டெ கயிறு போட்டான். பிடிச்சாங்க. வழுக்கிச்சு. மறுபடி பிடிச்சாங்க. ஏணியில நாலு படி ஏறுவான், சர்ருனு கீழ போவான். அப்படியே எவ்வளவு நேரம்... நாங்க மேல நின்னு பார்த்துக்கிட்டிருந்தோம். ஒருத்தன் சிரிச்சான்டா. பார்க்க அப்படி இருந்துச்சு. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"தூரத்துல புகை தெரியுதுன்னாங்க. ப்ராண்டிஸ் கிளம்பச் சொன்னாரு. அவங்களுக்கு நடுவுலதான் திரும்பினோம். கப்பலுக்கு அடியில விசிறி சுத்துற சத்தமே மாறிப்போச்சு."

மென்னோ அடுப்பைத் தணித்தான்.

"சரி, பெயரை எதுக்கு எடுத்தீங்க?"

"அதான் தப்பு. பெயர் எடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. எங்கேயோ தூரத்துல உயிரோட ஓடிக்கிட்டிருக்கிற கப்பலோட பெயரைத்தான் எடுப்போம். மூழ்கினது பெயரை யாரும் எடுக்கமாட்டாங்க. ப்ராண்டிஸ்தான், 'அது தந்தி அனுப்பல, மூழ்கினது யாருக்கும் தெரியாது, வேற எங்கயும் எதிர்ல வரவும் வராது, இதைவிடப் பத்திரமான பெயர் ஏது'ன்னாரு. நான் எழுதினேன். நல்லாத்தான் எழுதினேன்." நகங்களைப் பார்த்தான். "மறுநாள்தான் நாத்தம் ஆரம்பிச்சுது. அவங்க கப்பல் நிக்குது, பெயர் எழுதியிருக்கு. வேற எங்க போவாங்க?"

வெளிக்கதவில் தட்டினார்கள்.

இருவரும் அசையவில்லை. பொறுமையான தட்டல். கோபமில்லாதது. வேலை முடிந்து பசியோடு வந்தவன் தட்டுவதுபோல.

கீழ் இடுக்கின் வழியாக மஞ்சள் கொழுப்பு நாக்குபோல உள்ளே வழிந்தது.

மென்னோ ப்ராண்டிஸிடம் போய் நின்றான்.

"ஐயா, பெயரை அழிச்சிடலாங்க."

ப்ராண்டிஸ் பேனாவை வைக்கவில்லை. "யார் சொன்னது, ஓல்ட்மன்ஸா? பெயரை மாத்தறதைக் கேப்டன் முடிவு பண்ணுவாரு, சமையல்காரன் இல்ல. நாளைக்கும் தட்டு அப்படியே திரும்பி வந்தா, உன்னைப் பூட்டறேன். ஊர் போனதும் சுவர்ல நிறுத்திச் சுடுவாங்க. போ."

அவருடைய மேசையில் உடைத்த ரொட்டி கிடந்தது. உள்ளே மஞ்சள் வட்டம். அவர் அதைக் காகிதத்தால் மூடியிருந்தார்.

மறுநாள் காலை பனி இன்னும் தடித்திருந்தது. பின்தளத்தில் யாரும் இல்லை. ஓல்ட்மன்ஸ் பலகை ஊஞ்சலில் உட்கார்ந்தான். மென்னோ கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டான். கையில் சாம்பல் நிறப் பெயின்ட் வாளி. ஒரு பெயரை மூட அரைமணி நேரம் போதும்.

தூரிகையின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ஒட்டமாட்டேங்குது," என்றான் ஓல்ட்மன்ஸ் கீழிருந்து.

"கெட்டியா எடுத்துப் பூசு."

"எழுத்து வேர்க்குதுடா. உள்ளேயிருந்து எண்ணெய் வருது. பூசினது எல்லாம் அப்படியே வழியுது."

"சுரண்டு."

சுரண்டும் சத்தம். கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் அதே சத்தம்.

நின்றது.

"மென்னோ."

"என்ன?"

"கால்ல கை படுது."

மென்னோ எட்டிப் பார்த்தான். பனியில் ஓல்ட்மன்ஸின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"இழுக்கறாங்களா?"

"இல்ல." குரல் குழந்தையின் குரல்போல் ஆகியிருந்தது. "இழுக்கல. ஏறப் பார்க்கிறாங்க."

மென்னோ கயிற்றை இழுத்தான். கயிறு கைக்குள் ஓடியது. வழவழவென்று, இப்போதுதான் எண்ணெயில் முக்கியெடுத்ததுபோல. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். ஊஞ்சல் கனத்தது. ஒரு ஆளின் கனம் அல்ல. கயிற்றைக் கம்பத்தில் இறுக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, கையை நீட்டினான். ஓல்ட்மன்ஸ் பிடித்தான். மணிக்கட்டோடு மணிக்கட்டு.

வழுக்கியது.

மறுபடி பிடித்தான்.

வழுக்கியது.

உள்ளங்கை. விரல்கள். விரல்நுனி. வெள்ளைப் பெயின்ட் படிந்த நகங்கள் அவன் தோலைக் கீறிக்கொண்டு போயின.

தண்ணீர் தெறிக்கும் சத்தம் வரவில்லை. பிசைந்த மாவில் கல்லைப் போட்டதுபோல ஒரு சத்தம்.

அபாய ஊதல் ஒலித்தது. படகு இறக்கினார்கள். சுற்றிலும் தெளிந்த சாம்பல்நிறக் கடல்தான் இருந்தது. எண்ணெய் இல்லை, ஆள் இல்லை. ப்ராண்டிஸ் விபத்து என்று எழுதிக்கொண்டார். பின்னால் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. துடைத்துவைத்ததுபோல.

மென்னோ சமையலறைக்குப் போய் அடுப்பை மூட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்டாணி, இறைச்சி, வெங்காயம். முகர்ந்து பார்க்கவில்லை. ருசி பார்க்கவில்லை. பூட்டட்டும், சுவரில் நிறுத்தட்டும் என்று உள்சன்னலைத் திறந்து ஊற்றினான்.

ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான், சுவரில் கிண்ணம் மோதுவதற்காகக் காத்துக்கொண்டு.

மோதவில்லை.

சுரண்டும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு பத்து. பிறகு கூடம் முழுக்க.

திரும்பினான். தலை கவிழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. முகவாயில் மஞ்சளாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, புறங்கையை நக்கினார்கள். காலி கிண்ணங்கள் சன்னலுக்கு வந்தன. இன்னொரு தரம் ஊற்றினான். மறுபடியும் வந்தன.

ப்ராண்டிஸ் கடைசியாக வந்தார். உதடுகள் மினுங்கின.

"இன்னைக்குத்தான்யா சாப்பாடு சாப்பாடா இருந்துச்சு," என்றார். "ஷூல்ட்டெக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுக்காம சாப்பிட்டான்." நீட்டிய கிண்ணம் காலியாக இருந்தது.

அவர் போனபின் மென்னோ பானையில் கரண்டியை விட்டான். மஞ்சள் ஆடை விலகிக் கூடியது. வாயில் வைத்தான். அதே மெழுகு. அதே ஊசல். வாந்தி வரும் என்று தொட்டியின் மேல் குனிந்து காத்திருந்தான்.

வரவில்லை.

வெளிக்கதவில் தட்டினார்கள். திறந்தான். வரிசை முன்பைவிட ஒரு ஆள் நீண்டிருந்தது. கடைசி ஆளின் ஸ்வெட்டர் புதிதாக நனைந்திருந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்த கையில், சுருங்கிய தோலின் நுனியில், நகங்கள் வெள்ளையாக இருந்தன. மென்னோ அந்த முகத்தைப் பார்க்கவில்லை. நிறைத்து ஊற்றினான்.

எல்லாம் முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்து தகர டப்பாவைத் திறந்தான். கல்கண்டு. அதன் மேல் தேநீர். வெடிக்கும் மெல்லிய சத்தம். பாலை ஓரமாக விட்டான். மேகம் எழும்பியது. குடித்தான்.

சப்பென்றிருந்தது. வெந்நீர்போல. ஏதோ குறைந்தது.

சற்று யோசித்தான். பானையின் விளிம்பிலிருந்து ஒரு கரண்டி மஞ்சளை வழித்து எடுத்து, கோப்பையில் விட்டான். அது மெதுவாகப் படர்ந்து விளிம்பைத் தொட்டது. குடித்தான். உடம்பு முழுக்கக் கதகதப்பு பரவியது.

வெளியே மறுபடி தட்டினார்கள். மென்னோ எழுந்திருக்க அவசரப்படவில்லை. கோப்பையை முடித்துவிட்டுப் போகலாம். நம் ஆட்கள்தானே.